கட்டில் திரும்பும் அகலம்

வரைபடத்தில் சந்து ஐந்தடி.
நான்தான் போட்டேன்,
நாகர்கோவிலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து,
வீட்டுக்கு முந்நூற்றிருபது சதுரஅடி வந்தாக வேண்டும்
என்ற கணக்கில்.

குளச்சலுக்கு மேற்கே அந்தத் துறையில்
அலை போய் ஏழு மாதம்.
தகரக் கொட்டகையில் அன்பியக் கூட்டம்.
படத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன்.
யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

“கம்பா எடுத்துட்டு வா” என்றாள் திரேசம்மாள்.
கரமடிக் கயிறு, உப்பேறியது.
என் தெருவை என் கண் முன்னே
மணலில் போட்டார்கள், சிப்பிச் சுண்ணாம்பால்.

பிறகு ஒரு கட்டில் வந்தது.
நிவாரணத்தில் கிடைத்த மடக்குக் கட்டில்.
“யாராவது செத்துக் கெடங்க.”
பனியடிமை படுத்தார், வாயில் பீடியோடு.
நாலு பேர் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.
நேரே போனது.
பதினேழாம் வீட்டு மூலையில் திரும்பவில்லை.
சரித்தார்கள். பீடி விழுந்தது.
“நட்டமா நிறுத்தியா கொண்டு போவிய?”

சிரிப்பு அங்கேயே நின்றது.
அன்று காலை பழைய சந்தில்
எந்த மூலையில் யார் யார் என்று
அங்கே எல்லாருக்கும் தெரியும்.
ஒருவரும் சொல்லவில்லை.

எட்டடி வேண்டும்.
எட்டடி என்றால் வீட்டுக்கு ஒன்றரையடி போகும்,
சமையலறையில் ஒரு ஆள் நிற்கிற இடம்.
கிளீட்டஸ் ஒத்துக்கொள்ளவில்லை.
“செத்தவனுக்கு வழி வேணும்,
இருக்கிறவனுக்கு அடுப்பு வேண்டாமா?”
அதற்கு என்னிடமும் பதிலில்லை.

மூன்றாம் ராத்திரி யாரோ
சுண்ணாம்பைக் காலால் அழித்திருந்தார்கள்.
காலையில் செலின் மறுபடி போட்டாள்.
யாரென்று கேட்கவில்லை.
மணலில் கால்தடம் வாசிக்கத் தெரியாதவர்
அந்தக் கரையில் கிடையாது.

அடுப்பைப் பின்வாசலுக்குத் தள்ளினால் போதும் என்று
கிளீட்டஸின் மனைவிதான் கண்டுபிடித்தாள்.
என் படத்தின் முதுகில்
பிள்ளையின் பென்சிலால் வரைந்து காட்டினாள்.
அதையே கையெழுத்துக்கு அனுப்பினேன்.
எட்டடி எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள்.
“காற்றோட்டம்” என்று எழுதினேன்.

போன மாதம் போயிருந்தேன்.
எட்டடியில் நாலடி பைக்குகளுக்கு.
மிச்சத்தில் கோழி, துணிக்கொடி,
பொத்தல் தைக்க விரித்த வலை.
ஒரு பையன் வண்டியைக் குறுக்கே விட்டுவிட்டு நடந்தான்.
ஏதோ ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து
ஆள் தெரியாத குரல்:
“கட்டிலு திரும்பணும்லேய்!”

எந்தக் கட்டில் என்று அவன் கேட்கவில்லை.
திரும்பி வந்து
வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான்.