ஒன்றும் செய்யாது

லிஃப்டில் ஏறும்போதெல்லாம்
ஃப்ராவ் லூத்தி சொல்வார்:
"பயப்படாதீர்கள், பென்னோ ஒன்றும் செய்யாது."
புர்க்டோர்ஃப் வந்தபின்
எனக்கு முழுதாய் விளங்கிய முதல் ஜெர்மன் வாக்கியம்
அதுதான்.

நம்பினேன்.
ஆரபிக்கு என் நம்பிக்கைகூடத் தேவைப்படவில்லை.
ஐந்து வயது.
குனியாமலே கட்டிக்கொள்ளும் உயரத்தில்
சடைமயிர்க் கழுத்து ஒன்று.

நவம்பர், சனிக்கிழமை, எங்கள் தோய்ப்பு முறை.
உடுப்புக் கூடையை இறக்கிவைத்து
கைபேசியை எடுத்தேன்.
அவள் கட்டிப்பிடித்தாள்.
அவ்வளவுதான்.
கன்னத்தில் மூன்று தையல்.

நூலை வெட்டிவிட்டு டாக்டர் கேட்டார்:
கடிக்கமுன் நாய் என்ன செய்தது?
ஒன்றும் செய்யவில்லை, திடீரென்று...
அதற்கு முன்?
ஒன்றும்...
அதற்கும் முன்?

மகளின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்த இரவில்தான்
திரும்பி வந்தன ஒவ்வொன்றாய்.
தூக்கமில்லாத நாய் கொட்டாவி விட்டது.
எதையும் தின்னாமல் உதட்டை நக்கியது.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது;
இவளும் சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்றாள்.
ஆடிய வால் நின்றது.
கண்ணோரம் வெள்ளை, தேய்பிறை அளவு.
பிறகு உடம்பு முழுக்கக் கல்.
"பாருங்கோ, எவ்வளவு அமைதியா நிக்குது"
என்று சொன்னது நான்.
அந்தப் படம் இன்னும் இருக்கிறது.
அழிக்கவில்லை.

குலைக்கிற நாய் கடிக்காதாம்.
குலைக்காத நாயைப் பற்றிப்
பழமொழி வாயே திறக்கவில்லை.

ஃப்ராவ் லூத்தி எங்கள் கதவடியில் நின்று அழுதார்.
குட்டியிலிருந்தே உறுமினால் அதட்டுவாராம்.
அதட்டி அதட்டி
உறுமவே தெரியாத நாயாக்கி வைத்திருந்தாராம்.
அப்படியென்றால் அதனிடம்
வேறென்ன சொல் மிச்சம் இருந்தது,
பல்லைத் தவிர?

திட்டுவதற்கு ஒரு வாக்கியம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
வினைச்சொல் கடைசியில் வரவேண்டும், தமிழில் போலவே.
வரவில்லை.
தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

தையல் பிரித்த கிழமை
சோபாவை ஓரம் தள்ளிவிட்டுப் பழகினோம்.
தின்னும் நாயிடம் போவதில்லை. தூங்கும் நாயிடமும்.
முதலில் ஆளைக் கேள், பிறகு நாயைக் கேள்.
"நாயை எப்பிடிக் கேக்கிறது?"
கையைத் தொங்கவிட்டுச் சும்மா நில்.
வந்து மணந்தால் ஒரு பதில்.
வராவிட்டால் அதுவும் பதில்.
பாய்ந்து வந்தால் ஓடாதே, கத்தாதே,
கையைக் கட்டி உன் கால்விரலைப் பார்.
தலையணையை நாயாக்கித் துரத்தினேன்.
மூன்றாம் தரம்தான் சிரிக்காமல் நின்றாள்.

டிசம்பரில் ஒரு பிறந்தநாள் விழா.
குகநேசன் மாமா கை விரித்து வந்தார்.
தங்கமான மனிதர்.
கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டார்.
மாமாவைக் கொஞ்சு, கொஞ்சு என்று
நானே எத்தனை தரம் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்.

ஆரபி முகத்தைத் திருப்பினாள்.
தழும்புக்குக் கீழே
உதட்டை ஒருமுறை நக்கினாள்.
கல்லானாள்.

"விடுங்கோ அண்ணை.
அவளுக்கு இப்ப விருப்பமில்லை."

அவர் கை அந்தரத்தில் கொஞ்சநேரம் நின்றது.
அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை தனி.
பலகாரத் தட்டு எங்களைத் தாண்டிப் போனது.
வீடு திரும்பும் ரயிலில்
ஆரபி தானாக வந்து என் மடியில் ஏறினாள்.

இப்போதும் அதே லிஃப்ட்.
பென்னோவுக்கு வாய்க்கூடு,
வாரைக் குறுக்கிப் பிடித்த கை.
ஃப்ராவ் லூத்தி வாக்கியத்தை மாற்றிவிட்டார்:
"இன்றைக்கு அதற்கு மனமில்லை."
"சரி" என்றாள் ஆரபி, பொத்தான்களைப் பார்த்தபடி.

இரண்டாம் மாடி தாண்டும்போது
பென்னோ ஒரு கொட்டாவி விட்டது.
ஆரபி
என் பக்கமாக
அரை அடி தள்ளி நின்றாள்.