ஒரு மொட்டை ளகரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு போன்.
"தம்பி, உங்க ரத்ததானப் பக்கத்துல நான் இருக்கேனா?
பேரைப் போட்டுத் தேடினா
அப்படி யாருமில்லேங்குது.
நான் மஞ்சக்குப்பத்துல
இட்லி ஊத்திக்கிட்டு நிக்கிறேன்."

லாரன்ஸ் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் ஆபீஸ்.
ரயில் போனால் திரை கொஞ்சம் ஆடும்.
முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்:
அணைத்துப் போட்டேன்.
பிறகு சர்வரின் ஞாபகங்களைத் துடைத்தேன்.
பிறகு அட்டவணையையே அழித்து
அடியிலிருந்து கட்டினேன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
வரிசையாக ஏறினார்கள்.
சௌரியம்மாளும் ஏறினார், என் கண்ணால் பார்த்தேன்.
தேடினேன்.
முடிவுகள் ஏதும் இல்லை.

உள்ளே இருக்கிறார், கேட்டால் இல்லை.
வட்டிக்காரன் வந்து நிற்கும் வீடு மாதிரி.

சரி, வேறு யார் யார் இல்லை?
கௌதமன் இல்லை. நௌஷாத் இல்லை.
சிங்காரத்தோப்பு மௌலீசன் இல்லை.
பௌலின் டீச்சர் இல்லை.
மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்,
மூன்று மதத்திலும் பாரபட்சம் இல்லாமல்.
தெரு வேறு, வயது வேறு, ரத்தம் வேறு.
டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான்
பட்டியலை வாய்விட்டுப் படித்தேன்.
முப்பத்தெட்டுப் பேருக்கும் உதடு
ஒரே மாதிரி திறந்து, ஒரே மாதிரி குவிந்தது.

சௌரியம்மாள்
செளரியம்மாள்

இதில் எது தப்பு, சொல்லுங்கள் பார்ப்போம்.
எனக்கும் தெரியவில்லை. மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது.
முகாமில் உட்கார்ந்து படிவங்களைத் தட்டிய பரணிதரன்
ஔகாரக் குறியைத் தேடி அலுத்துப்போய்
ஒரு ச, ஒரு கொம்பு, பக்கத்தில் ஒரு ள
என்று முடித்திருக்கிறான்.
அவனைத் திட்ட முடியாது.
தாளில் நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம்,
மார்க்கும் வாங்கினோம்.

கொம்புக்குப் பின்னால் ள வந்தால் குறியாக்கு.
ஒரே வரி. ஓட்டினேன்.
முப்பத்தெட்டுப் பேரும் வந்து நின்றார்கள்.
வெள்ளைக்கண்ணு போய்விட்டார்.
தெள்ளமுது போனார், வெள்ளையம்மாள் போனார்,
வெளிச்செம்மண்டலம் தெருத் தெருவாகக் காலி.

பழையதை எடுத்துப் போட்டு
ஒவ்வொரு ளகரமாகக் குனிந்து பார்த்தேன்.
தலையில் புள்ளியோ உடம்பில் கொக்கியோ இருந்தால்
அது எழுத்து, தொடாதே.
மொட்டையாக நின்றால்
அது வெறும் ஓசை, கொம்போடு சேர்த்துவிடு.
இதை எழுத ஒன்றரை மணி நேரம். மூன்று ரயில்.

எல்லாம் சரியா என்று பார்க்கத்தான்
தேடல் பதிவேட்டைத் திறந்தேன்.
ரத்த வகை போட்டுத் தேடும் பெட்டி எங்களிடம் கிடையாது.
மூன்றாம் தவணைப் பணம் வந்தால்
செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன்.
பேர் தெரிந்தவர் பேரைப் போட்டுத்தான் தேட வேண்டும்.

பிப்ரவரி ஒன்பது. யாரோ ஒருவர், ஒரே போனிலிருந்து.
இரவு 2.14 சௌரியம்மாள்
2.15 சௌரியம்மா
2.15 சௌரி
2.19 சௌரி ஓ நெகட்டிவ்
2.20 சௌரி அக்கா

அதற்குக் கீழே மறுநாள் காலை
வேறு யாரோ, வேறு எதற்கோ.

போன் செய்தேன். "இப்ப வர்றீங்கக்கா."
"அப்பாடா" என்றார். பின்னால் குக்கர் கத்தியது.
"மூணு மாசமா ஒரு கூப்பாடும் இல்ல தம்பி.
சரி, யாருக்கும் தேவைப்படல போலன்னு
சந்தோஷமாத்தான் இருந்தேன்."
நான் ம் என்றேன்.
"அப்புறம், பிறந்த வருஷம் எழுபத்தொம்பதுன்னு போட்டிருக்கு.
எண்பத்தொண்ணு. அதையும் மாத்திடு."

மாற்றினேன்.
பேர்ப் பெட்டிக்குக் கீழே
இன்னொரு பெட்டி வரைய ஆரம்பித்தேன்.
தவணை வரும்போது வரட்டும்.