லூஸ்

ஓசூர் சிப்காட்டில்
நாளுக்கு ஆயிரத்து நூறு போல்ட்டைத்
தொட்டுப் பார்க்கிற வேலை எனக்கு.
ஸ்பேனர் ‘டக்’ என்றால் பச்சைப் பொட்டு.
சத்தம் வராவிட்டால்
சிவப்புச் சீட்டில் ஒரே சொல் எழுதிக் கட்ட வேண்டும்:
லூஸ்.

எட்டு மணி நேரம் அதையே எழுதிவிட்டு
வெளியே வந்தால்
அந்தச் சொல் எனக்கு முன்னால் கேட்டைத் தாண்டிப்போய்
ஊரெல்லாம் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

திம்மராயன் கடையில்
பாக்கெட் வேண்டாம், லூஸ்ல கால் கிலோ என்றால்
பருப்பு விலை ஆறு ரூபாய் இறங்கும்.
பாகலூர் ரோட்டுத் தையல்காரர்
ஒரு விரல் லூஸ் வச்சிருக்கேன் என்பார்;
அது வரப்போகிற உடம்புக்கு
இப்போதே போட்டுவைத்த இடம்.
விடுதியில் நாகவேணிக்கு நேற்றிலிருந்து லூஸ் மோஷன்.
உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன்.
டியூப்லைட்டுக்கு லூஸ் கனெக்‌ஷன்.
நாற்காலி போட்டு ஏறி ஒரு தட்டு தட்டினால்
எரியும்,
வார்டன் வரும்வரைக்கும்.

இங்கே சண்டைகூட
தெலுங்கில் தொடங்கிக் கன்னடத்தில் ஏறித்
தமிழில் ஓயும்.
லூஸ் டாக் விடாதே என்கிற இடத்தில் மட்டும்
அந்தச் சொல்
டிக்கெட் எடுக்காமல் மூன்று பஸ்ஸிலும் ஏறி இறங்கும்.

காவேரிப்பட்டணத்தில்
அது என் தம்பியின் பெயர்.

பஸ் ஸ்டாண்டில் நின்று
மாங்கூழ் லாரிகளின் நம்பரைச் சத்தமாகக் கூட்டுவான்.
ஒருநாளும் தப்பியதில்லை.
ஏய் லூசு, என்ன வந்துச்சு என்பார்கள்
டீயை ஊதிக்கொண்டே.
உடனே திரும்புவான்.
சென்னப்பன் என்று
ரேஷன் கார்டில் இருப்பதைச் சொன்னால்
திரும்ப மாட்டான்.

இத்தனையும் தெரிந்த நான்தான்
போன செவ்வாய், கேன்டீனில்,
பெயின்ட் பிரிவு மஞ்சுநாத்
தன் முட்டையை என் தட்டில் வைத்துவிட்டு
எனக்குப் பிடிக்காது என்று பொய் சொன்னபோது
போடா லூசு
என்றேன்.
அவன் சிரித்தான்.
நானும்.
சாயங்காலம்வரை நாக்கில் வெல்லமாய்க் கிடந்தது.
கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது,
எந்த வாய்களிலிருந்து எடுத்தேன் என்று.

மறுநாள் சீட்டில் வேறு எழுதப் பார்த்தேன்.
தளர்வு: அது முழங்காலுக்கு.
ஆட்டம்: அது பல்லுக்கு.
தொளதொள: அது அப்பா போன வருஷம்
சித்தப்பா மகளிடம் வாங்கிப் போட்ட சீருடை.
நெகிழ்வு என்று எழுதினேன்.
பள்ளிக்கூடப் பாடத்தில்
போனவனை நினைத்து ஒருத்திக்கு வளை நெகிழ்ந்தது.
அதைப் பழுது என்று
எந்தக் கோனார் உரையிலும் போட்டிருக்கவில்லை.

சூப்பர்வைசர் முனிரத்தினம் சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தார்.
என்னம்மா இது, போல்ட்டு அழுவுதா?
ஒழுங்கா எழுது.

எழுதினேன்.
லூஸ். லூஸ்.
அன்றைக்குப் பதினேழு.

ஞாயிறு,
கிருஷ்ணகிரியில் பஸ் மாறி
ஊரில் இறங்கும்போது பதினோரு மணி வெயில்.
தூணோரம் நின்றிருந்தான்.
சென்னப்பா, என்றேன்.
லாரி போனது.
சென்னப்பா.
இன்னொரு லாரி.
டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார்,
எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.
அடுத்து வந்தது
நாலு, ஒம்போது, எட்டு, ஒண்ணு.
இருபது, என்றேன் சத்தமாக.

சட்டென்று திரும்பினான்.
முகம் முழுக்கச் சிரிப்பு.
இருபத்திரெண்டு,
லூசு,
என்றான்.