மூன்று விருப்ப இடங்கள்

இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்
அனுப்பிவிட வேண்டும்.
விருப்ப இடம் ஒன்று, இரண்டு, மூன்று.
ஒரே ஊரை இரண்டு முறை போடக் கூடாதாம்.
தொட்டால் கீழே இறங்குகிறது பட்டியல்:
சென்னை, புனே, சாணந்த்.
ஆங்கில எழுத்து வரிசை,
வேறு அர்த்தம் எதுவும் அதற்கு இல்லை.

எங்கள் வீடு எர்ணாவூரில்.
துறைமுகத்துக்குள் போக முறை வராத
கன்டெய்னர் லாரிகள்
வாசலுக்கு எதிரே வால் நீட்டி நிற்கும்,
சில நாள் விடிந்தும் அதே லாரி.
அவற்றுக்கு நடுவே
ஃபிளாஸ்க்கும் பேப்பர் கப்புமாக
போய் வந்துகொண்டிருப்பாள் அம்மா.
என் எட்டு செமஸ்டரும் அந்த டீயில்தான் ஓடியது.
இரண்டு அரியர் கட்டணமும்.

சென்னை என்று போட்டால் ஒரகடம்.
தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு.
விம்கோ நகரில் முதல் மெட்ரோவே ஐந்துக்கு.
ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் ஜெராக்ஸின் முதுகில்
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
படப்பையில் நாலு பேர் தங்கும் அறை,
சாப்பாட்டோடு ஆறாயிரத்து ஐந்நூறு.
புனே பக்கத்திலும் ஏறக்குறைய அதேதான்,
சாப்பாட்டில் சப்பாத்தி.
என் ஊரிலேயே இருக்க
நான் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

காலேஜில் சேர்ந்த அன்று
எந்த ஏரியா என்று கேட்டாள் ஷைலஜா.
சொன்னேன்.
"அங்கல்லாம் எப்படி இருக்கீங்க?"
கேலியில்லை, நிஜமான அக்கறை.
அதற்குப் பிறகு
திருவொற்றியூர் பக்கம் என்றேன்.
பிறகு கடற்கரைப் பக்கம்.
கேட்டவர்கள் பெசன்ட் நகர் என்று நினைத்துக்கொண்டார்கள்,
நானும் திருத்தவில்லை.

போன வருஷம் புனே போன இம்தியாஸ்
குரல் பதிவு அனுப்பியிருந்தான்.
மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்துகிறான்:
"இங்க நான் சென்னைக்காரன்டீ.
அவ்ளோதான். எந்தப் பக்கம்னு
ஒருத்தனும் கேக்க மாட்டான்!"
நாலு தடவை கேட்டேன்.

சென்னைக்காரி ஆக
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்
போக வேண்டியிருக்கிறது.

பத்தரைக்கு அம்மா வந்தாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
சில்லறையைத் தரையில் கொட்டினாள்.
"நாக்பூர் டிரைவரைக் கேட்டேன்.
பூனேல தண்ணி நல்லாருக்குமாம்.
அந்த இன்னொரு ஊரு
வெயில் மண்டையப் பொளக்குமாம்."
"எப்பம்மா கேட்ட?"
"போன வாரமே."
"என்ன பாஷைல?"
"காசு வாங்கற பாஷைலதான்."
ஃபிளாஸ்க் மூடி மரை மாறிக்கொண்டது,
அதையே திருகிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.

முதலில் நிரப்பியது
நேரம் கடந்துவிட்டது என்று அழிந்துபோனது.
அதில் சென்னைதான் ஒன்று.
மறுபடி திறந்து,
கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து,
திருத்தி அடித்து,
பட்டியலை இறக்கியபோது
விரல் கணக்குப் பார்க்கவில்லை.
ஒன்று: புனே.
இரண்டாவது கட்டத்தில்தான் நின்றுவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷமாக
முகவரியின் கடைசி வரியில்
யோசிக்காமல் எழுதிய பெயர்.
சென்னை: இரண்டு.
எழுதிவிட்டு ஒருமுறை அம்மாவைப் பார்த்தேன்.
பத்து ரூபாய்களைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

காரணம் என்றொரு பெட்டி,
இருநூறு எழுத்துக்குள்.
ஒரகடம் தூரம் என்று அடித்தேன்,
அழித்தேன்.
வாய்ப்பு என்று அடித்தேன்,
அதையும்.
ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது.

வெளியே எங்கோ முன்னால்
ஒரு லாரி உள்ளே போயிருக்க வேண்டும்.
தூங்கிய கிளீனர்களைத் தட்டி எழுப்பி
வரிசை முழுக்க உறுமி
ஒரு லாரி நீளம் நகர்ந்து
நின்றது.

திரையில் வந்தது:
உங்கள் விருப்பம் பதிவானது.
பணியிடம் குறித்த இறுதி முடிவு
நிறுவனத்துக்கு உட்பட்டது.

"என்ன சொல்லுது?" என்றாள்.
"பாக்கலாம்னு சொல்லுது."