இரண்டேகால்

தம்மாமில் பதினோரு வருடம்
சிமெண்ட் கிடங்குக்குக் காவல் இருந்தேன்.
ஒரு மூட்டை போனதில்லை.
ஊர் திரும்பியும் உடம்பு திரும்பவில்லை.
கீழக்கரை படுத்த பிறகுதான்
எனக்கு விடிகிறது.

அளவெடுக்கும்போது டைலர் முனியசாமி கேட்டார்:
பள்ளிக்கூட நாடகமா?
வேலைக்கு, என்றேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்,
மேற்கொண்டு கேட்கவில்லை.

வள்ளம் மூடும் நீலத் தார்ப்பாயில் முதுகுத்துணி.
நெஞ்சில் வெள்ளி ரெக்சினில் வெட்டிய தூண்டில் முள்.
கடல்பாசி எடுக்கிறவர்கள் போடும் கண்ணாடி,
மச்சினனின் பழைய ஹெல்மெட்.
முகமூடி மட்டும் நானே தைத்தேன்.
மூக்குக்கு ஓட்டை விட மறந்து
முதல் இரவு
வாயைத் திறந்துகொண்டே ஊரைக் காத்தேன்.

தம்மாம் பழக்கம், நோட்டில் குறித்து வைப்பேன்.
12:50. தெருக்குழாய் திறந்து கிடந்தது. மூடப்பட்டது.
1:10. ஆடு ஒன்று. தேர்தல் சுவரொட்டி தின்றது.
வேட்பாளர் பாதி போயிருந்தார்.
1:25. போலீஸ் ஜீப். ஏட்டு விசாரித்தார்:
ஹெல்மெட் இருக்கு, வண்டி எங்கப்பா?
1:40. நாய்கள் ஆறு. பின்வாங்கியது நான்.

பகலில் மீன்கடையில் பையன்கள்
முகமூடி மச்சானைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.
பறக்கிறானாம்.
அரைக் கிலோ நகரை வாங்கிக்கொண்டு
மிச்சக் காசை எண்ணுகிறேன்,
இரண்டு முறை.

ஜெட்டிக்கு மேற்கே ஓர் இரவு
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
ஏழெட்டுப் பேர். சாக்குகள். விளக்கில்லாத வள்ளம்.
உள்ளே கடல் அட்டை, நாற்றமே சொல்லும்.
இடுப்பில் கைவைத்து,
முதுகுத்துணி படபடக்க,
கண்ணாடி முன் பழகிய குரலில்
நில்லுங்கள், என்றேன்.
காற்று அதைப் பிடுங்கிக் கிழக்கே எறிந்தது.
ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்தான்.
சிரிக்கக்கூட இல்லை.
"தண்ணி வத்திருச்சு மாப்ளே, ஒரு கை குடு."

கொடுத்தேன்.
நோட்டில் அந்தப் பக்கம் காலி.

பூட்டுகளாவது இருந்தன எனக்கு.
ஆண்களெல்லாம் துபாயிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற தெரு.
ஒவ்வொரு வாசலிலும் நின்று
கதவு வளையத்தைப் பிடித்து ஓர் இழுப்பு.
கிடங்கில் அப்படித்தான்.
பச்சைக் கதவுக்கு நான் வந்து சேர்வது
இரண்டேகால்.
ஒரு நிமிடம் பிசகியதில்லை, அதில் கொஞ்சம் பெருமை.
போன மாதம் முதல் அந்தத் தெருவில்
திருடன் நடமாட்டம் என்று பேச்சு.
ஆகவே இரண்டு இழுப்பு.

வியாழன் இரவு
கதவுக்கு உள்ளிருந்து குரல்.
அருவாமனை தரையில் உரசும் சத்தம்.

"யாரு?"
"நான்தான்."
"நான்னா?"

முகமூடிக்குள் என் பேரைத் தேடினேன்.

"ஒரு மாசமா ராத்திரி ராத்திரி
கதவை ஆட்டுறது நீதானா?
பிள்ளைகளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு
பாங்கு சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்.
எடுத்துட்டுப் போக இங்க என்னதான் இருக்கு?"

ஹெல்மெட் வார் தாடையில் சிக்கிக்கொண்டது.
ஒருவழியாகக் கழற்றினேன். எல்லாவற்றையும்.
மூடிய கதவுக்கு முகம் எதற்கு,
ஆனாலும்.
செய்யது நெய்னா, என்றேன்.
கிழக்குத் தெரு. தம்மாமில் இருந்தவன்.
பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்.
சொல்லும்போதே
எனக்கே அது திருடன் பேச்சாகக் கேட்டது.

எங்கோ ஒரு தண்ணீர் லாரி
கியர் மாற்றிப் போகும்வரை பதிலில்லை.
பிறகு:
"ரமீசா தம்பியா?"
"ஆமா."
அருவாமனை மடங்கும் சத்தம்.
"போய்த் தூங்கு."

தூக்கம் வரவில்லை.
இரண்டு நாள் கொல்லையில் நடந்து பார்த்தேன்,
கோழிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்றைய குறிப்பு:

12:50. குழாய். மூடியே இருந்தது.
1:10. அதே ஆடு.
2:15. பச்சைக் கதவு. எதிர்ச்சாரியில் கடந்தேன்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
தொடவில்லை.
உள்ளே யாரோ தூக்கத்தில் இருமினார்கள்.