இரண்டு டெசிபல்

வெளியே டுர்கு நகரத்தில் பனி.
சத்தம் புகாத அறையில்
கப்பல் தளத்து வெல்டர் வெய்க்கோ.

"முழுங்காதீங்க, அசையாதீங்க" என்கிறாள் ராய்லி.
வலது காதுக்குள் சின்னக் குழாய்
டிக், டிக் என்று கேட்க,
காது திருப்பிச் சொல்கிறது
அவருக்கே கேட்காத குரலில்.

இப்போது இடது காதில் மட்டும்
இரைச்சலை ஊற்றுகிறாள்.
திரையில் தணிகிறது
வலது காதின் பதில்.
இரண்டு டெசிபல்கூட இல்லை.

"இதுக்கு யார் சொன்னது, அங்கே சத்தம்னு?"
"மூளைத்தண்டில் குறுக்கே ஒரு நரம்பு ஓடுது."

வெய்க்கோ ஹெட்போனைக் கழற்றவில்லை.

தம்பி செத்த சேதி வந்தபோது
இடப்பக்கம் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது,
வலக்காதில் போன்.
ரெண்டு தடவை சொல்லச் சொன்னார்.
நிறுத்தியிருக்கலாம்.
சுவிட்ச்
கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.