பதினொன்றிலிருந்து நாலு வரை

லா கூர்நேவில்
துருக்கிக்காரரின் வெதுப்பகம்
இரவு பதினொன்றுக்கு ஓயும்.
அடுப்பின் சூடு இறங்குமுன்
பிறேமளாவும் நானும் உள்ளே போய்விடுவோம்.
ஐந்து மணிநேரம், அறுபது யூரோ.
நாங்கள் வாடகைக்கு எடுத்திருப்பது
ஒரு கடையின் தூக்கத்தை.

வங்கியில் கேட்டார்கள்,
இடம் உண்டா, ஆள் உண்டா, முதல் எவ்வளவு?
இடம் என்றால் ஒரு மேசை;
அவள் மா உருட்டினால்
என் முழங்கை சுவரில் இடிக்கும்.
முதல், எண்ணூறு கழிவு விட்டு
நான் முந்தி எடுத்த சீட்டு.
ஆளைப் பற்றிய வரியில்
பகலில் நாங்கள் ஹோட்டல் அறை கூட்டுவதை
எழுதவில்லை.

இன்று பொண்டியில் கல்யாணம்,
மாலுபாண் இருநூற்றெண்பது.
திரான்சியில் ஒரு பையனுக்கு ஏழு வயது, கேக்.
தட்டுக்கு நாற்பது பாண்.
கேக் உள்ளே இருக்கும் ஐம்பது நிமிடமும்
பாண் வெளியே பொங்கிப் பொங்கிப் பார்த்திருக்கும்.
அடுப்பு ஒன்றுதான்.
நாலு மணியும் ஒன்றுதான்.

இரண்டரைக்கு
மாச்சாக்கில் சாய்ந்த பிறேமளா
வாய் திறந்தபடி உறங்கிப்போனாள்.
விரலிடுக்கில் மீன்கறி.
எழுப்பினால் ஏழு தட்டு,
விட்டால் ஆறு.

விட்டேன்.
நாற்பது பாணுக்கு இருபது நிமிட உறக்கம்
மலிவா, கொள்ளை விலையா?
இந்தத் தெருவில் அதை யாரும் விற்பதில்லை,
ஒப்பிட்டுப் பார்க்க.

நாலடிக்கத் துருக்கிக்காரரின் மகன் கதவைத் தட்டினான்.
இனிக் கல்யாண வீட்டுக்கு
அடுப்புப் பழுது என்று சொல்ல வேண்டும்.
பாவம்,
இரவு முழுக்க என்னோடு விழித்திருந்தது
அது ஒன்றுதான்.